துப்பாக்கி வாயில் ஒரு மில்லிமீட்டர்: சோக் ட்யூப் பற்றி ஒரு பாடம்

சோக்குன்னு சொன்னா ட்ரிபிள் ஈ பசங்களுக்கு ட்யூப்லைட் பட்டியில இருக்கிற சோக்கு ஞாபகம் வரும். ஆட்டோமொபைல்காரங்களுக்குக் குளிர்ல ஸ்டார்ட் ஆகாத பைக்ல இழுத்துவிடுற சோக்கு. இந்தக் கட்டுரை மூணாவது சோக்கைப் பத்தினது. ஷாட்கன் பேரலோட வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகலாக இருக்குமே, அது. அந்தக் குறுகலைத் தனிக் குழாயாகச் செய்து, மறை போட்டு, தேவைக்கேற்ப மாட்டிக் கழற்றுகிற மாதிரி விற்கிறார்கள். அதுதான் சோக் ட்யூப்.

இதை ஏன் நம்ம இதழில் எழுதணும்? தென்காசி, சுந்தரபாண்டியபுரம், சுரண்டை பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு விளக்கவே வேண்டாம். சாரல் காலத்துல சூரியகாந்தி பூத்து நிக்கும்போது கேமராவோட வர்ற கூட்டத்துக்கு அது போட்டோ. பயிர் போட்டவருக்கு அது கிளியோடும் மயிலோடும் நடக்கிற தினசரிச் சண்டை. தகர டப்பாவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ஞ்சவங்க வீட்டுப் பையன்கள் போன்ல அமெரிக்க வேட்டை வீடியோவைப் பார்த்துட்டு, "கவுதாரிக்கு எந்த சோக் மாப்ள?"ன்னு கேட்கிறார்கள். கேள்வி எஞ்சினியரிங் கேள்விதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சட்டக் கேள்வி நிக்குது. அதை முதல்லயே முடிச்சுடுவோம்.

இந்தியாவில் பறவை வேட்டைக்கு இடமே இல்லை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சில இனங்களுக்கு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. மயில் முதல் பட்டியலில் இருக்கிற பறவை. அதைச் சுட்டால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. கவுதாரி, காடை, காட்டுக்கோழி எதையும் தொடக்கூடாது. "எங்க வயல்ல வந்துச்சு, சுட்டேன்"ங்கிறது கோர்ட்டுல நிக்காது. துப்பாக்கி பக்கமும் அப்படித்தான். 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. அந்த லைசென்ஸ் பறவையைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு மாட்டினவங்க நிறையப் பேர்.

ஆகவே கவுதாரியை இங்கே கணக்கில் வர்ற ஒரு பொருளாக மட்டும் எடுத்துக்கங்க. பாலத்தில் லாரி போகிற கணக்கைப் போடுறோம்ல, லாரி ஓட்டவா போறோம்? அந்த மாதிரி.

முதல்ல 12 போர்னா என்ன? பலர் 12 மி.மீ.ன்னு நினைக்கிறார்கள். கிடையாது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாகப் பிரிச்சா, ஒரு உருண்டை எந்தக் குழாயில் சரியாக நுழையுமோ அதுதான் 12 போர். நீங்களே போட்டுப் பாருங்க. 453.6 கிராமை 12-ஆல் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. கன அளவு 3.33 கன செ.மீ. கோளச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் விட்டம் 18.5 மி.மீ. வரும். அதனாலதான் 20 போர் 12 போரை விடச் சின்னது. எண் கூடக்கூட ஓட்டை குறையும்.

இந்தக் குழாய்க்குள்ள ரைபிள் மாதிரி திருகுக் கோடு கிடையாது, வழவழன்னு இருக்கும். போறதும் ஒரு குண்டு இல்லை. ஒலிம்பிக் போட்டித் தோட்டாவில் 24 கிராம் ரவை. ஒரு ரவை 2.4 மி.மீ. விட்டம், எடை சுமார் 0.08 கிராம். அப்படின்னா கிட்டத்தட்ட 300 ரவை. இந்த 300-ம் ஒரு கொத்தாகக் கிளம்பி, போகப்போகப் பரவும். கிட்டத்துல சுட்டா உள்ளங்கை அளவு, தூரத்துல சுட்டா குடை அளவு. பறவை சின்னது, வேகமானது. கொத்து ரொம்ப இறுக்கமா இருந்தா பக்கத்துல தப்பிடும், ரொம்பப் பரந்தா ரவைக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில தப்பிடும். எவ்வளவு பரவணும்ங்கிறதைத் தீர்மானிக்கிற ஒரே திருகு சோக்.

எவ்வளவு குறுகல்? ஆச்சரியமான அளவுக்குக் கொஞ்சம். குறுகலே இல்லாததுக்கு சிலிண்டர்னு பேர். ஸ்கீட் சோக் 0.13 மி.மீ. இம்ப்ரூவ்ட் சிலிண்டர் கால் மி.மீ. மாடிஃபைட் அரை மி.மீ. இம்ப்ரூவ்ட் மாடிஃபைட் முக்கால் மி.மீ. ஃபுல் சோக் சுமார் 0.9 முதல் 1 மி.மீ. 18.5 மி.மீ. குழாயில் வெறும் 1 மி.மீ. ஒர்க்ஷாப் லேப்ல வெர்னியரைக் கையில எடுத்தவங்களுக்குத் தெரியும், அந்த அளவுல பாதி நம்ம ரீடிங் எரர்லயே போயிடும்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவங்க உடனே "கன்வெர்ஜென்ட் நாசில்தானே, வேகம் கூடும்"னு சொல்வாங்க. வேகத்தில் வர்ற மாற்றம் சொல்லிக்கிற அளவுக்கு இல்லை. இங்க நடக்கிறது வேறு. ரவைத் தூண் அந்தச் சரிவில் நுழையும்போது வெளி வரிசை ரவைகளுக்கு உள்நோக்கிய ஒரு சின்ன இடி கிடைக்கிறது. கூடவே, ரவைக்குப் பின்னால் வருகிற பிளாஸ்டிக் வாட் அந்தக் குறுகலில் கொஞ்சம் தயங்குகிறது. அதனால் வாயை விட்டு வெளியே வந்ததும் அது பின்னாலிருந்து ரவைக் கொத்தைக் குத்திக் கலைப்பது குறைகிறது. ரவையோட தரமும் முக்கியம். மெத்தை ஈயம் சுவரில் உரசி நசுங்கினால் அந்த ரவை கோணலாகப் பறக்கும். ஆன்டிமனி கலந்து கடினமாக்கிய ஈயம் நேராகப் போகும். அதே சோக், வேற தோட்டா, வேற கொத்து.

யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டா சண்டைதான் வரும். இங்கிலாந்தில் நியூகாசில்காரர் பேப் 1866-ல் காப்புரிமை எடுத்தார். பர்மிங்காமில் கிரீனர் 1870-களில் அதைச் சீராகச் செய்து ஊரெல்லாம் பரப்பினார். அமெரிக்கர்கள் எங்க ஆள்தான் முதல்னு இன்னைக்கும் சொல்றாங்க. நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தக் கதையே கிடையாது. நரிக்குறவர்கள் கையில் இருந்த கருமருந்துக் குழாய் நேர்க்குழாய், அதாவது சுத்தமான சிலிண்டர். அவர்கள் சோக்குக்குப் பதிலாக நம்பினது கால்களைத்தான். சத்தமில்லாம எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போறது. கவுதாரிக்கு அதுவும் தேவைப்படாது, கண்ணி வைப்பார்கள். கூண்டில் ஒரு பழக்கின கவுதாரியை வைத்துக் கூவ விட்டால் மத்தது தானா வரும். எஞ்சினியரிங் கண்ணோடு பார்த்தா துப்பாக்கியை விட அது நேர்த்தியான டிசைன்.

சரி, கணக்குக்கு வருவோம். சோக்கை அளக்கிற பழைய முறை ஒண்ணு இருக்கு. 40 கஜத்தில் (36.6 மீட்டர்) பெரிய காகிதத்தை நிறுத்திச் சுட வேண்டும். அதிக ஓட்டை விழுந்த இடத்தை மையமாக வைத்து 76 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் போட்டு, உள்ளே எத்தனை ரவை விழுந்ததுன்னு எண்ணணும். 100-க்கு 70 என்றால் ஃபுல், 60 என்றால் மாடிஃபைட், 50 இம்ப்ரூவ்ட் சிலிண்டர், 40 சிலிண்டர். ட்யூப்பில் என்ன எழுதியிருக்குங்கிறது அடுத்த விஷயம், காகிதம் என்ன சொல்லுதோ அதுதான் சோக்.

இந்தச் சதவீதத்தை அப்படியே மனப்பாடம் பண்ணினா ஒண்ணும் பயன் இல்லை. எம்-ஃபோர் பேப்பரில் படித்த நார்மல் டிஸ்ட்ரிபியூஷனை வெளியே எடுங்க. ரவைகள் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் ஒரே சிக்மாவோடு நார்மலாகப் பரவுகிறதுன்னு வைத்துக்கொண்டால், மையத்திலிருந்து தூரம் ரேலே பரவலில் வரும். ஆரம் ஆர் கொண்ட வட்டத்துக்கு வெளியே விழுகிற பங்கு: எக்ஸ்பொனென்ஷியல் ஆஃப் மைனஸ் ஆர் ஸ்கொயர் பை 2 சிக்மா ஸ்கொயர். ஃபுல் சோக்கில் வெளியே விழுவது 0.3. ஆர் 38.1 செ.மீ. லாகரிதம் எடுத்தால் சிக்மா 24.6 செ.மீ. சிலிண்டருக்கு வெளியே விழுவது 0.6, சிக்மா 37.7 செ.மீ. இதைத் தூரத்தால் வகுத்துக் கோணமாக்கினால் ஃபுல் 0.38 டிகிரி, சிலிண்டர் 0.59 டிகிரி. ஒரு மி.மீ. இரும்பு வாங்கித் தருவது ஐந்தில் ஒரு டிகிரி. அவ்வளவுதான்.

இந்த ஐந்தில் ஒரு டிகிரி எங்கே உதவும், எங்கே கெடுக்கும்னு பார்க்கலாம். பறவைக்குப் பதில் களிமண் தட்டை எடுத்துக்குவோம். 110 மி.மீ. விட்டம், 105 கிராம். டிராப் போட்டியில் தட்டு நம்மை விட்டு விலகிப் போகும், விளிம்புதான் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற பரப்பு சுமார் 25 சதுர செ.மீ.ன்னு வைப்போம். 36.6 மீட்டரில் சரியாக நடுவில் பிடித்துச் சுட்டால், ஃபுல் சோக்கில் சராசரியாக 2 ரவை படும். சிலிண்டரில் 0.84. இங்கே பாய்சான் வருவார். ஒரு ரவை கூடப் படாமல் போகும் வாய்ப்பு ஃபுல்லில் 14 சதவீதம், சிலிண்டரில் 43 சதவீதம். குறி அச்சுப்பிசகாமல் இருந்தும் பாதிக்குப் பாதி போச்சு!

இப்ப குறி 40 செ.மீ. தள்ளிப் போகட்டும். ஃபுல்லில் சராசரி 0.53-க்கு விழும். சிலிண்டரில் 0.48. கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதாவது தூரத்தில், பரந்த சோக் போட்டால் நம்ம தப்பை மன்னிச்சுடும்ங்கிறது பொய். மன்னிக்கவும் செய்யாது, சரியாச் சுட்டாலும் தண்டிக்கும். பல வீடியோக்களில் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

கிட்டத்துக்கு வாங்க, கதை மாறும். 18.3 மீட்டர், அதாவது பாதித் தூரம். பரவலும் பாதியாகும்னு எடுத்துக்கிட்டா ஃபுல் சிக்மா 12.3, சிலிண்டர் 18.9 செ.மீ. தட்டு குறுக்கே போகிறது, முகம் நல்லாத் தெரியும், பரப்பு 50 சதுர செ.மீ. குறி 30 செ.மீ. தப்புது. ஃபுல்லில் சராசரி 0.8 ரவை, சிலிண்டரில் 1.9. தப்பும் வாய்ப்பு 45 சதவீதமும் 15 சதவீதமும். முன்னாடி பார்த்ததுக்கு நேர் எதிர்.

நம்ம கவுதாரி எந்தப் பக்கம்? அது முடிந்தவரை ஓடத்தான் பார்க்கும். வரப்போரம், முள்ளுப்புதர், கடலைக் காடு, இதுக்குள்ளயே சரசரன்னு ஓடி மறைஞ்சிடும். பறக்கிறது கடைசி வழி. காலடிக்குப் பக்கத்தில் படபடன்னு திடுக்கிட வைச்சு எழும்பி, தாழ்வாக நேரே போய் அடுத்த புதரில் விழும். எல்லாம் 10 முதல் 20 மீட்டருக்குள்ள. குறி பார்க்க நேரமே இல்லை. ஆகவே விடை: சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்ட் சிலிண்டர். சட்டப்படி வேட்டை நடக்கிற அமெரிக்காவில் பாப்ஒயிட் காடைக்கு இதைத்தான் போடுகிறார்கள். ஃபெசன்ட் கொஞ்சம் தள்ளி எழும்பும், அதற்கு மாடிஃபைட். 15 மீட்டரில் ஃபுல் சோக் போட்டால் கொத்தின் பெரும்பகுதி 40 செ.மீ. வட்டத்துக்குள் இருக்கும். தப்பினால் முழுசாத் தப்பும், பட்டால் பறவையில் சமைக்க மிஞ்சுவது இருக்காது. காட்டிலே சோக்கை மாத்தி மாத்தித் திருக முடியாதுங்கிறதால இரட்டைக் குழல் கைகொடுக்கும். முதல் குழல் பரந்தது, இரண்டாவது இறுக்கமானது. முதல் வெடி தப்பின நேரத்தில் பறவை தூரம் போயிருக்கும் இல்லையா.

இந்தக் கவுதாரிக் கணக்கை உயிர் போகாமல் விளையாடத்தான் ஸ்கீட் பிறந்தது. 1920 வாக்கில் மாசசூசெட்ஸில் சார்லஸ் டேவிஸ் என்ற வேட்டைக்காரர், வேட்டைப் பருவம் இல்லாத மாதங்களில் பழகுவதற்காக ஒரு முழு வட்டத்தைச் சுற்றி நின்று தட்டுகளைச் சுட்டார். பக்கத்து நிலத்துக்காரர் கோழிப்பண்ணை ஆரம்பிச்சதும், அந்தப் பக்கம் ரவை விழக்கூடாதுன்னு வட்டத்தைப் பாதியா வெட்டினார்கள். ஒலிம்பிக் ஸ்கீட் மைதானம் இன்னைக்கும் அரைவட்டம்தான். காரணம் கோழி! ஆரம் 19.2 மீட்டர். தட்டு வெளியே வரும்வரை துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றக்கூடாது, தட்டு கேட்டவுடனும் வரலாம், 3 நொடி கழிச்சும் வரலாம். கவுதாரி எழும்புகிற அதே திடுக்கிடல்.

டிராப் எதிர்க்கோடி. 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம், அதில் 15 எந்திரங்கள், தட்டு 76 மீட்டர் வரை விலகிப் போகும். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு 2 தோட்டா. அதனால் கீழ்க் குழலில் மாடிஃபைட் அல்லது இம்ப்ரூவ்ட் மாடிஃபைட், மேல் குழலில் ஃபுல்னு போடுவது வழக்கம். கர்ணி சிங் 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் வெள்ளி வாங்கினார். ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் 2004 ஏதென்ஸில் டபுள் டிராப் வெள்ளி. மானவ்ஜித் சிங் சந்து 2006-ல் உலகச் சாம்பியன். எல்லாம் வடக்கேதானான்னு கேட்காதீங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் டிராப்பில் இந்தியாவுக்காக நின்னவர் நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான். துப்பாக்கி ஆசை இருக்கிறவங்களுக்கு வழி இதுதான்: ரைபிள் கிளப், லைசென்ஸ், பயிற்சியாளர், களிமண் தட்டு. செலவு ஜாஸ்தி. அதை மறைக்க விரும்பலை.

ட்யூப் பற்றிக் கைவேலை விஷயம் கொஞ்சம். வாய் விளிம்பில் சின்ன வெட்டுக்கள் இருக்கும். ஒரு வெட்டு ஃபுல், இரண்டு இம்ப்ரூவ்ட் மாடிஃபைட், மூன்று மாடிஃபைட், நான்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர், ஐந்து சிலிண்டர். வெட்டு கூடக்கூட சோக் குறையும். போர் எண் மாதிரியே இதுவும் தலைகீழ். ஒரு கம்பெனி மறை இன்னொரு கம்பெனி பேரலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. "கொஞ்சம் டைட்டாத்தான் போகுது, பரவால்ல"ன்னு திருகக்கூடாது. ட்யூப் தளர்ந்திருந்தால் விளிம்பு தூக்கி நிற்கும், 300 ரவை வந்து அதில் மோதும், பேரல் வாய் பூசணிப்பூ மாதிரி விரியும். ட்யூப்பே இல்லாமல் சுட்டால் மறை நாசம். மறையில் லேசாகக் கிரீஸ், அவ்வப்போது கழற்றித் துடைப்பு, அவ்வளவுதான் பராமரிப்பு. திருகிச் சரிபார்க்கும் முன் துப்பாக்கி காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்கன்னு தனியா சொல்லணுமா?

உலோகவியல் ஆட்களுக்கு: எஃகு ரவை ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. ஃபுல் சோக்கில் எஃகைத் தள்ளினால் பேரல் வாய் வீங்கும். எஃகுக்கு மாடிஃபைட்டைத் தாண்டாதேங்கிறது பொதுவிதி. செய்தித்தாளில் அடிக்கடி வர்ற நாட்டுத் துப்பாக்கி "பால்ரஸ்" குண்டு, பேரிங் உருண்டை. அது இன்னும் கடினம், குழாய் எந்தத் தரம்னே தெரியாது. அது வெடிக்கிறபோது முதல்ல போறது பறவை உயிர் இல்லை, பிடித்திருக்கிறவர் விரல்.

அப்ப ஏன் எஃகுக்குப் போகணும்? ஈயம் விஷம். தட்டில் படாத ரவை எல்லாம் கீழேதான் விழும். 2.4 மி.மீ. ரவை சுமார் 200 மீட்டர் வரை போய் விழும். வயலில் களை எடுக்கிறவங்க இருக்கிற இடத்தில் இந்த எண்ணை நினைவில் வைங்க. குளத்தில் விழுந்த ரவையை வாத்து சரளைக்கல்னு நினைத்து விழுங்கும். இரைப்பையில் அது அரைபட்டு ரத்தத்தில் கலக்கும். இதனால்தான் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை அமெரிக்கா 1991-ல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஈரநிலங்களில் தடுத்தது. திருநெல்வேலிக்குத் தெற்கே கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக்கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இருக்கு. அந்த மாவட்டத்துப் பிள்ளைங்க நாம.

கடைசியா, இதையெல்லாம் சோதிச்சுப் பார்க்கத் துப்பாக்கி தேவையில்லை, லேப்டாப் போதும். பைதானில் 300 ஜோடி நார்மல் எண்களை எடுங்க. சிக்மா, மாடிஃபைடுக்கு 28.1 செ.மீ., இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு 32.4, மத்த ரெண்டும் மேலே இருக்கு. தூரத்துக்கேற்ப அதே விகிதத்தில் மாற்றுங்க. தட்டுக்கு ஒரு செவ்வகம் வைத்து, குறியில் உங்க கை நடுக்கத்துக்கு இன்னொரு சிக்மா சேர்த்து, 10,000 தடவை ஓட்டுங்க. எந்தத் தூரத்தில் ஃபுல் சோக் சிலிண்டரை முந்துகிறதுன்னு ஒரு கிராஃப் வரும். கை நடுக்கத்தைக் கூட்டினால் அந்தப் புள்ளி எந்தப் பக்கம் நகரும்னு ஓட்டுவதற்கு முன்னாடியே ஊகித்து எழுதி வைங்க. உண்மைக் கொத்து முழு நார்மல் இல்லை, ஓரத்தில் நசுங்கின ரவைகள் தனியாகத் திரியும். அதைச் சேர்க்க 5 சதவீத ரவைக்கு மட்டும் சிக்மாவை இரண்டு மடங்காக்கிப் பாருங்க. கோடை எங்க இதழ் மின்னஞ்சலுக்கு அனுப்பினால் கிராஃபை அடுத்த மாதம் போடுகிறோம்.